சாடி மாற்றி நடுதல்: கண்டிப் பிரதேச வீடுகளில் அலங்காரப் பனைகள்

வீட்டுக்குள்ளும் விறாந்தையிலும் வளர்க்கப்படும் அலங்காரப் பனைகளுக்குச் சாடி மாற்றுவது, ரோசாவுக்கோ குரோட்டனுக்கோ செய்வதைப்போல ஆண்டுதோறும் செய்யவேண்டிய வேலையன்று. நெருக்கமான சாடியில் ஈராண்டோ மூவாண்டோ அவை குறையின்றி வாழும். ஆனால் தேவைக்கு முன்னரே பெரிய சாடிக்கு மாற்றப்பட்டு, முற்றத்துச் செம்மண்ணால் நிரப்பப்பட்டு, நாள்தோறும் நீரும் ஊற்றப்பட்டால், கண்டியின் ஈரமான காலநிலையில் சில மாதங்களிலேயே வேரழுகி மடிந்துவிடும். சாடி மாற்றும் முறையை அறிவதைப் போலவே, மாற்றாமல் விடவேண்டிய வேளையை அறிவதும் இங்கு முக்கியம்.

அலங்காரப் பனை என இவ்வதிகாரத்தில் சுட்டப்படுவது, தென்னை, கமுகு, கித்துள், பனை ஆகியன அடங்கும் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்ததாய், சாடியில் வைத்துப் பேணத்தக்க அளவில் நிற்கும் எந்தச் செடியும் ஆகும். நாற்றுமேடைகளில் அரிக்கா பாம் என்று கேட்டால் கிடைக்கும் மஞ்சள் காம்புச் செடி மடகஸ்காரைத் தாயகமாகக் கொண்டது. அது பாக்கு தரும் கமுகின் உறவினமே தவிர கமுகு அன்று. விசிறி இலைகளும் நார் போர்த்த மெல்லிய தண்டுகளும் உடைய ராபிஸ் தென்சீனத்திலிருந்து வந்தது. சாமிடோரியா மெக்சிகோ, குவாத்தமாலாக் காடுகளின் மரநிழலில் வளர்வது. கெண்டியா, அவுஸ்திரேலியாவுக்குக் கிழக்கே கடலில் கிடக்கும் லோர்ட் ஹவ் தீவுக்கே உரியது. இவற்றுள் அரிக்கா விரைவாக வளர்ந்து ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை சாடி மாற்றத்தை வேண்டும். ஏனையவை மெதுவாக வளர்வதால் மூவாண்டு, சிலவேளை அதற்கும் மேல், பொறுத்திருக்கும்.

வேரின் இயல்பு

பனைக் குடும்பத்துச் செடிகளை வேறு விதமாகக் கையாளவேண்டியதற்கான காரணம் அவற்றின் வேரில் இருக்கிறது. மாமரத்துக்கும் பலாவுக்கும் விதையிலிருந்து இறங்கும் ஆணிவேர் நிலைத்து நின்று, கிளைத்து, ஆண்டுக்காண்டு பருக்கும். பனைகளோ ஒருவித்திலைத் தாவரங்கள். தண்டையும் வேரையும் பருக்கச் செய்யும் மாறிழையம் என்னும் கல அடுக்கு அவற்றில் இல்லை. முதல் வேர் சில காலத்தில் ஓய்ந்துவிட, தண்டின் அடியிலுள்ள ஒரு குறுகிய பட்டையிலிருந்து புதிய வேர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டுக்கொண்டே இருக்கும். வேரிலிருந்து பிறக்காமல் தண்டிலிருந்து பிறப்பதால் இவை இடம்மாறிப் பிறந்த வேர்கள் எனப்படுகின்றன. அம்பிட்டியவிலோ கட்டுகஸ்தோட்டையிலோ சரிவான காணியொன்றில் மழை மண்ணை அரித்துப்போன தென்னையின் அடியைக் குனிந்து பார்த்தால் இது தெளிவாகும்: பென்சில் பருமனுள்ள வேர்கள் நூற்றுக்கணக்கில், ஒன்றுக்கொன்று பருமன் வேறுபாடின்றி, அடித்தண்டைச் சுற்றி அடர்ந்து இறங்குவதைக் காணலாம். பழைய வேர் பருப்பதில்லை, எண்ணிக்கைதான் கூடுகிறது.

வேரை வெட்டினால் என்ன நிகழும் என்பது இனத்துக்கு இனம் வேறுபடும். 1980களில் புளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தபோது, சபால் என்னும் அமெரிக்கப் பனையில் வெட்டுண்ட வேர்களில் ஏறத்தாழ ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. தென்னையில், எவ்வளவு நீளம் விட்டு வெட்டினாலும், சுமார் பாதி வேர்கள் கிளைவிட்டுத் தழைத்தன. அரசப்பனையிலோ தண்டிலிருந்து எவ்வளவு தள்ளி வெட்டப்பட்டதோ அவ்வளவுக்கு அதிக வேர்கள் பிழைத்தன. இந்த அரசப்பனையே பேராதனைத் தாவரவியற் பூங்காவில் 1950 ஆம் ஆண்டு இருமருங்கும் நடப்பட்டு, இன்று பார்வையாளர் ஒளிப்படம் எடுக்க நின்றுபோகும் சாலையாக விளங்குகிறது. வீட்டில் வளர்ப்போர் தத்தம் சாடியிலுள்ள இனம் எவ்வகையைச் சார்ந்தது என்று அறிய வழியில்லாத நிலையில், எந்த வேரையும் வெட்டாமல் விடுவதே பாதுகாப்பானது. ஆல், அரசு வகைச் செடிகளுக்குச் சாடி மாற்றும்போது வேர்ப்பந்தைக் கத்தியால் கீறிவிடும் வழக்கத்தைப் பனைக்குக் கொண்டுவரக் கூடாது.

தண்டின் உச்சியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை அவசியம். ஒவ்வொரு தண்டுக்கும் வளரும் முனை ஒன்றே உண்டு. குருத்தின் அடியில் மறைந்திருக்கும் அந்தப் பிரியிழையம் முறிந்தாலோ அழுகினாலோ பக்கத்திலிருந்து கிளை பிறக்காது, அத்தண்டு அத்துடன் முடியும். செடியைக் குருத்திலோ தண்டிலோ பிடித்துச் சாடியிலிருந்து இழுப்பது அதனால்தான் தவறாகிறது.

மாற்றவேண்டிய அறிகுறிகளும் காலமும்

வடிகால் துளைகளின் வழியே வேர்கள் வெளியே தொங்குதல், ஊற்றிய நீர் மண்ணில் நில்லாமல் உடனே கீழே ஓடிவிடுதல், வேர்களின் நெருக்குதலால் செடி முழுவதும் மேலெழுந்து மண்மட்டம் சாடியின் விளிம்பைத் தொடுதல், பிளாஸ்டிக் சாடியின் பக்கம் புடைத்தல் ஆகியவற்றுள் இரண்டேனும் ஒருங்கே காணப்படும்போது சாடி மாற்றத்தை எண்ணலாம். மேற்பரப்பில் சில வேர்கள் தெரிவது மட்டும் காரணமாகாது. இலை மஞ்சளாவதும் காரணமாகாது. சொல்லப்போனால், நோயுற்ற செடிக்குச் சாடி மாற்றம் மருந்து என்ற நம்பிக்கையே பல செடிகளை முடித்துவைக்கிறது. அதற்கு விதிவிலக்கு வேரழுகல் ஒன்றே. கடையிலிருந்து புதிதாக வாங்கிவந்த செடியையும் வீட்டின் ஒளிக்கும் காற்றுக்கும் பழகுமட்டும் சில வாரங்கள் அதே சாடியில் விட்டுவைப்பது நன்று.

ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அமைந்த கண்டி, இடைநாட்டு ஈரவலயத்தில், ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீற்றர் மழை பெறும் நகரம். தை முதல் பங்குனி வரையிலான மாதங்கள் ஒப்பீட்டளவில் உலர்ந்தவை. இரவில் குளிரும் பகலில் வெயிலும் மாறிமாறி வருவதால் செடியின் வளர்ச்சி அப்போது தணிந்திருக்கும். ஏப்ரலில் பிற்பகல் இடிமழை தொடங்கி, காற்றில் ஈரப்பதன் ஏறி, வெப்பமும் குறையாதிருக்கும் வாரங்களே புதிய வேர் புறப்பட உகந்தவை என்பதால், சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலிருந்து வைகாசி நடுப்பகுதி வரை சாடி மாற்றத்துக்குச் சிறந்த காலம் எனலாம். மழை மிகுந்த ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் கலவை உலர நாட்செல்லும். கூரைக்கு அடியில் வைக்கத்தக்க செடியாயின் அப்போதும் செய்யலாம், திறந்த முற்றத்துச் செடியாயின் தள்ளிப்போடுவதே மேல். நகருக்குக் கிழக்கே திகன, தெல்தெனியப் பக்கம் இடைவலயமாகி மழை குறைந்துவிடுவதால், அங்குள்ளோர் முதல் மழை உறுதியாகப் பெய்த பின்னரே தொடங்கவேண்டும்.

சாடியும் கலவையும்

புதிய சாடி பழையதைவிட விட்டத்தில் ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு அங்குலம் மட்டுமே பெரிதாக இருக்கவேண்டும். வேர் எட்டாத மண்ணில் தேங்கும் நீரை உறிஞ்ச ஆளில்லை. அந்த மண் நாட்கணக்கில் ஈரமாகக் கிடந்து காற்றை இழக்க, அழுகலை உண்டாக்கும் பூஞ்சணங்கள் முதலில் அங்கே குடிகொண்டு, பின்னர் வேரை எட்டும். வளர்ந்த பின் இன்னொரு முறை மாற்றும் சிரமத்தைத் தவிர்க்கவே பலர் பெரிய சாடியை வாங்குகின்றனர். அந்தச் சிக்கனத்தின் விலை பெரும்பாலும் செடியே.

மண்சாடியின் சுவர் வழியே நீர் ஆவியாவதால், பேராதனை, கம்பளை, கடுகண்ணாவை போன்ற ஈரமான பக்கங்களுக்கு அது பொருந்தும். கொழும்பு – கண்டி வீதியில் கேகாலைக்கு அருகிலுள்ள மொலகொட மட்பாண்டத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் என்பதால், கண்டியில் இருப்போருக்கு மண்சாடி அரிய பொருளன்று. குண்டசாலைக்கு அப்பாலுள்ள உலர்ந்த பக்கங்களில் பிளாஸ்டிக் சாடி நீரைச் சிக்கனப்படுத்தும். புதிய சீமெந்துச் சாடியிலிருந்து சுண்ணாம்பு கசியும் என்பதால் அதைச் சில நாட்கள் நீரில் ஊறவிட்டுக் கழுவிய பின்பே பயன்படுத்தவேண்டும். எச்சாடியாயினும் அடியில் துளை இருப்பது கட்டாயம். துளையில்லாத பீங்கான் சாடிகளை வெளியுறையாக மட்டுமே கொள்ளலாம்.

சாடியின் அடியில் செங்கல் துண்டுகளையோ சல்லியையோ அடுக்கினால் நீர் நன்றாக வடியும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மை இதற்கு மாறானது. நுண்ணிய துகள்களைக் கொண்ட கலவையில் பிடிபட்டிருக்கும் நீர், பெரிய இடைவெளிகளையுடைய சல்லி அடுக்குக்குள், மேலேயுள்ள கலவை முற்றாக நிறைவுறும் வரை இறங்குவதில்லை. ஆகவே சாடியின் அடித்தளத்தில் இருக்கவேண்டிய ஈரப்பட்டை, சல்லியின் உயரத்துக்கு மேலேறி, வேர்களுக்கு இன்னும் நெருக்கமாக வந்து நிற்கிறது. துளை அடைபடாதிருக்க ஓர் ஓட்டுத் துண்டோ ஒரு பிடி தென்னந்தும்போ போதும்.

கண்டிப் பகுதியின் செங்கபில மண் தோட்டத்தில் நல்ல மண்தான். நிலத்தில் மண்புழுவும் மரவேரும் அதைத் திறந்து வைத்திருக்கின்றன. சாடிக்குள் அந்த உதவி இல்லாமையால், நீரூற்ற ஊற்ற அது இறுகிக் கட்டியாகிறது. எனவே கலவையின் பெரும்பகுதி தும்புத்தூளாக இருப்பது நன்று: இரண்டு பங்கு தும்புத்தூள், ஒரு பங்கு நன்கு மக்கிய கூட்டெரு, ஒரு பங்கு கழுவிய ஆற்றுமணல் அல்லது கரியாக்கிய உமி என்ற அளவு பெரும்பாலான இனங்களுக்குப் பொருந்தும். அழுத்திக் காயவைத்த 650 கிராம் தும்புத்தூள் கட்டியொன்று நீரில் ஊறி எட்டு ஒன்பது லீற்றராக விரியும். சில கட்டிகளில் உப்பு மிகுந்திருக்கும் என்பதால், ஊறவைத்த தூளைச் சாக்கில் இட்டு இரண்டு மூன்று முறை நல்ல நீரால் அலசிப் பிழிவது அவசியம்; இந்த ஒரு வேலையைத் தவிர்ப்போர் பின்னர் இலைநுனி கருகுவதைக் கண்டு காரணம் தேடுவர்.

இலைநுனி கருகுவதற்கு இன்னொரு காரணம் புளோரைட்டு. அரிக்காவும் சாமிடோரியாவும் இந்த உப்பைத் தாங்காதவை. எப்பாவலவில் அகழப்படும் பொசுபேற்றுப் பாறையின் தூளிலும், சுப்பர் பொசுபேற்றுப் பசளையிலும் புளோரைட்டு உண்டு. தோட்டத்துக்கு அவை எவ்வளவு பயனுடையனவாயினும் சாடிப் பனையின் கலவையில் சேர்க்கத் தேவையில்லை. மாறாக, திகனப் பகுதியில் தோண்டி எடுக்கப்படும் டொலமைட் கல்லின் தூள் இரண்டு நன்மைகளைத் தருகிறது: பனைகள் அதிகம் வேண்டும் மகனீசியத்தையும், தும்புத்தூளில் குறைவாக உள்ள கல்சியத்தையும் அது அளிக்கிறது, அத்துடன் கலவையின் அமிலத்தன்மையைத் தணிப்பதால் புளோரைட்டு நீரில் கரைந்து வேருக்குச் செல்வதும் குறைகிறது. பத்து லீற்றர் வாளி நிறைந்த கலவைக்கு இரண்டு மேசைக்கரண்டி போதுமானது.

நடும் முறை

சாடி மாற்றுவதற்கு முந்திய நாள் செடிக்கு நன்றாக நீரூற்றவேண்டும். ஈரமான வேர்ப்பந்து உதிராமல் முழுமையாக வெளிவரும். இலைகளைத் தளர்வாகச் சேர்த்துத் துணியால் கட்டி, சாடியைச் சாக்கின்மேல் பக்கவாட்டில் சாய்த்து, சுற்றிலும் உள்ளங்கையால் தட்டி, ஒரு கையால் அடித்தண்டைத் தாங்கியபடி மறு கையால் சாடியைத்தான் இழுக்கவேண்டும், செடியை அன்று. அசையாவிடில் நீண்ட கத்தியைச் சாடியின் உட்சுவரை ஒட்டிச் சுற்றிவரச் செலுத்தலாம். அதற்கும் இசையாவிடில் பிளாஸ்டிக் சாடியை வெட்டுவதும் மண்சாடியை உடைப்பதும் நட்டமாகத் தோன்றினும், வேரைக் கிழிப்பதிலும் மேலானவை.

வெளிவந்த வேர்ப்பந்தை உற்றுப் பார்ப்பது, இவ்வேலை முழுவதிலும் அதிகம் கற்பிக்கும் கட்டம். நலமான வேர் வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ, விரலால் அழுத்தினால் விறைப்பாக இருக்கும். நுனி வெளிறியிருந்தால் அது வளர்ந்துகொண்டிருக்கிறது. இறந்த வேர் கருத்துக் குழைந்திருக்கும். இரு விரல்களால் பிடித்து மெல்ல இழுத்தால் மேற்பட்டை கழன்று கையோடு வர, தையல் நூலைப்போன்ற நடு இழை மட்டும் எஞ்சும். அப்படிக் கழன்றவற்றை மட்டும் கூரிய, சுத்தமான கத்தரியால் நீக்கலாம். அடியில் சுருண்டிருக்கும் நலமான வேர்களைப் பிரிக்க முயலவேண்டாம். பழைய மண்ணை முழுவதும் கழுவி எடுக்கவும் கூடாது. மேலே பாசி படிந்த பகுதியையும் தானாக உதிர்வதையும் அகற்றினால் போதும்.

அரிக்கா, சாமிடோரியாச் சாடிகளில் ஒரு செடிபோலத் தோன்றுவது பெரும்பாலும் பல நாற்றுகளின் கூட்டம். அடர்த்தியாகத் தெரிய வேண்டுமென்று நாற்றுமேடையில் ஒரே சாடியில் ஊன்றப்பட்டவை. அவற்றைப் பிரித்துத் தனித்தனியே நட நினைப்போர், ஒன்றையொன்று பின்னிய வேர்களில் பாதியை இழந்து, செடிகளில் சிலவற்றையும் இழப்பர். பிரிக்கத் தக்கது ராபிஸ்தான். அதன் நிலக்கீழ்த் தண்டிலிருந்து பக்கக் கன்றுகள் எழுவதால், தனக்கென வேருள்ள மூன்று நான்கு தண்டுகளை ஒரு கொத்தாகச் சேர்த்து வெட்டிப் பிரித்தால் அது பிழைக்கும்.

நடும் ஆழத்தில் பிழை நேர்வது எளிது, திருத்துவது கடினம். சாய்ந்து நிற்கும் செடியை நிமிர்த்துவதற்காகத் தண்டின் அடியை ஆழமாகப் புதைத்தால், வேர் பிறக்கும் பட்டை காற்றின்றித் திணறும். மாதங்கள் சென்ற பின் புதிய இலைகள் வெளிறியும் சிறுத்தும் வருவது அதன் விளைவு, பசளையால் அது தீராது. ஆகவே பழைய மண்மட்டமே புதிய மண்மட்டமாக இருக்கவேண்டும். வேர்களின் நெருக்குதலால் செடி மேலெழுந்து, வேர் பிறக்கும் பட்டை வெளித்தெரிந்தால் மட்டும், அது மறையும் அளவுக்குக் கலவையை உயர்த்தலாம். நிமிர்ந்து நிற்க ஒரு மூங்கில் குச்சி போதும். பக்கங்களில் கலவையை இட்டு விரலால் மெல்ல அழுத்தி, விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே நிறுத்தி, துளை வழியே வடியுமட்டும் நீரூற்றுவதோடு நடுகை முடிகிறது.

ஓர் ஆள் தூக்க முடியாத அளவுக்கு வளர்ந்த செடிகளுக்கு, அலுவலக முன்கூடங்களிலும் பழைய பங்களாக்களின் விறாந்தைகளிலும் காணப்படுவனவற்றைப் போன்றவற்றுக்கு, இவை யாவும் வேண்டியதில்லை. மேல்மண்ணில் இரண்டு அங்குலத்தைக் கையால் சுரண்டி எடுத்து, மேற்சொன்ன கலவையை இட்டு நிரப்புவதை ஆண்டுக்கொரு முறை செய்தால் அவை பல்லாண்டு அதே சாடியில் நிற்கும்.

பின்பராமரிப்பு

நட்ட செடியை இரண்டு மூன்று வாரங்களுக்கு நேர்வெயில் படாத, ஆனால் வெளிச்சமுள்ள இடத்தில் வைக்கவேண்டும். காலை வெயில் மட்டும் எட்டும் கிழக்கு யன்னல் பொருத்தமானது. விரலை இரண்டாம் கணு வரை கலவைக்குள் செலுத்தி, உலர்ந்திருந்தால் மட்டுமே நீரூற்றவேண்டும். மழைநாட்களில் இதற்கு ஒரு வாரத்துக்கு மேலும் செல்லலாம். முதல் இரண்டு மாதங்கள் பசளை தேவையில்லை. புதிய வேர் இல்லாத இடத்தில் பசளை உப்பாகத் தங்கி நுனிகளைச் சுடும். அதன் பின்னும், மலையகத்து வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும் தேயிலைப் பசளைக் கலவையை ஒரு பிடி போடும் ஆசையை அடக்கவேண்டும். அது தழைச்சத்து மிகுந்தது. பனைகளோ பொட்டாசியத்தையும் மகனீசியத்தையும் கூடுதலாக நாடுபவை. மூத்த இலைகளில் மஞ்சட் புள்ளிகள் தோன்றி நுனியிலிருந்து கருகிவந்தால் பொட்டாசியமும், மூத்த இலையின் நடு பச்சையாயிருக்க ஓரம் அகலமாக மஞ்சளித்தால் மகனீசியமும் குறைந்திருப்பதாகக் கொள்ளலாம்.

சாடி மாறிய பின் அடியிலுள்ள ஓரிரு இலைகள் பழுப்பது இயல்பு. அவை முற்றாகக் காயும் வரை வெட்டலாகாது; பழுக்கும் இலையிலிருந்து பொட்டாசியத்தை மீட்டு இளம் இலைக்கு அனுப்பும் வேலை அப்போது நடந்துகொண்டிருக்கும். குருத்து வாடினால் மட்டுமே கவலைக்கு இடமுண்டு: மெல்ல இழுத்தவுடன் அது கழன்று, அடியில் துர்நாற்றம் வீசினால், அத்தண்டு தப்பாது. கூட்டத்தில் ஏனைய தண்டுகளைக் காக்க அதை அடியோடு அகற்றவேண்டும்.

சாடிக்குக் கீழே வைக்கும் தட்டு செடியை மட்டும் சார்ந்த விடயமன்று. டெங்கு நுளம்பு தட்டின் ஓரத்தில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடுகிறது. நீர் காய்ந்தாலும் அம்முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். நீரைக் கொட்டிவிடுவது மட்டும் போதாது என்பது இதனால் விளங்கும். வாரம் ஒருமுறை தட்டின் உட்பக்கத்தைத் தும்புத் தூரிகையால் தேய்த்துக் கழுவவேண்டும். துளையில்லா வெளியுறைச் சாடிகளின் அடியையும் அவ்வாறே பார்க்கவேண்டும். தட்டில் மணலை நிரப்பி வைத்தால் நீர் திறந்து நில்லாது. 2017 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி, நுளம்பு பெருகும் வகையில் நீர் தேங்கவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வளவின் உரிமையாளரையும் அங்கே குடியிருப்போரையும் சாரும். செடித்தட்டும் அதற்கு விலக்கன்று.